லேப்புக்குப் போகாத டப்பா

அக்காவின் மார்பை அறுத்தெடுத்த அன்று மதியம், திண்டுக்கல்லில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் ஒருவர் என் கையில் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார். "இத லேப்ல குடுத்துட்டு ரசீது வாங்கிட்டு வந்துருங்க" என்றார். உள்ளே மருந்துத் தண்ணீரில் அக்காவின் உடம்பில் ஒரு பாகம் கிடந்தது. மூடியைத் தாண்டி வந்த நெடியில் கண் எரிந்தது.

லேப் இரண்டு தெரு தள்ளித்தான். நான் போகவில்லை.

எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எப்போதும் உண்டு. வேடசந்தூர் மில்லில் சூப்பர்வைசர். அடுத்தவருக்குச் சொல்லித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை. ஊசி குத்திப் பார்த்ததிலேயே புற்றுநோய் என்று வந்துவிட்டது. கட்டியை முழுசாக எடுத்துவிட்டதாக டாக்டரும் சொல்லிவிட்டார். இனி அதில் பார்க்க என்ன கிடக்கிறது? பார்த்துவிட்டுக் குப்பையில்தானே எறியப் போகிறார்கள்? அப்பாவுக்குச் சர்க்கரையில் கால் எடுத்தபோது, அந்தக் காலை வெள்ளைத் துணியில் சுற்றிக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம். ஞானஸ்நானம் வாங்கிய உடம்பு, எந்தத் துண்டானாலும் மண்ணுக்குத்தான் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். நானும் புது வேட்டி ஒன்றைக் கிழித்துச் சுற்றி, ஆள் வைத்துக் குழி தோண்டி, பரலோக மந்திரம் சொல்லிப் புதைத்துவிட்டு வந்தேன். அக்காவுக்குப் பெரிய மரியாதை செய்துவிட்ட திருப்தி வேறு.

மதுரையில் கீமோ கொடுத்த டாக்டர், அறுத்தெடுத்ததைச் சோதித்த ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார். "லேப்ல தொலைச்சுட்டாங்க சார்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எனக்கு இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவே இல்லை. அவர் சலித்துக்கொண்டு, கையில் இருந்த விவரத்தை வைத்துப் பொதுவான மருந்துகளை ஏற்றினார். அதன் பிறகு அந்த லேப் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அக்கா, "நாசமாப் போறவங்க" என்பாள். பள்ளிக்கூட டீச்சர், அதற்கு மேல் அவளுக்குத் திட்டத் தெரியாது. நான் பைக்கை வேகமாக முறுக்குவேன்.

இரண்டு வருஷத்தில் நோய் ஈரலுக்கு வந்துவிட்டது.

இந்த முறை பார்த்தது வேறொரு டாக்டர், சின்ன வயசுப் பெண். ஈரலிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்க அனுப்பினார். முடிவு வந்ததும் அக்காவை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் பேசினார்.

"இது ஒரு தனி வகை. முன்னெல்லாம் இந்த வகைன்னா நாங்களே பயப்படுவோம். இப்ப இதுக்குன்னே ஊசி இருக்கு, அந்தக் கேன்சர் செல்லத் தேடிப் பிடிக்கும். மார்புல எடுத்ததச் சோதிச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். உடனே ஆரம்பிச்சிருந்தா, திரும்ப வராமலேகூட இருந்திருக்கலாம்."

"இப்பப் போடுங்க மேடம்."

"போட முடியாது. பழைய கீமோவுல ஹார்ட் ரொம்ப வீக்கா இருக்கு, இந்த ஊசிய இப்பத் தாங்காது. ஹார்ட்டுக்கு மாத்திரை தர்றேன். மூணு வாரம் கழிச்சு மறுபடி ஹார்ட்ட ஸ்கேன் எடுத்துப் பாப்போம்."

"மூணு வாரம் ஈரல் தாங்குமா?"

அவர் ஃபைலைப் புரட்டினார். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், என்ன ஆனாலும் உங்களைக் கேட்க மாட்டேன், போடுங்கள் என்று கத்தினேன். மேஜையைத் தட்டினேன். பிறகு அதே மேஜையில் தலையை வைத்து அழுதேன். உலகத்தில் எங்கோ யார் யாரோ ராப்பகலாய் உழைத்துக் கண்டுபிடித்த மருந்து, மதுரை வரைக்கும் வந்து குளிர்பெட்டிக்குள் இருக்கிறது. என் அக்காவுக்கு மட்டும் அது இல்லை. அப்படி ஆக்கியவன் நான்.

திரும்பும் வழியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்கா மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "தம்பி, அந்த லேப்காரன் மேல கேஸ் போடணும்டா. எனக்காக இல்ல. இன்னொருத்திக்கு இப்பிடி ஆயிரக் கூடாது."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ரோட்டோரம் ஒதுக்கி நிறுத்தினேன். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டர் சொன்னதையும் சேர்த்து. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவள் அடிப்பாள், கதவைத் திறந்து இறங்கிப் போவாள் என்று காத்திருந்தேன்.

"ஆழமாப் பொதச்சியா? நாய் கீய் தோண்டாம?"

"ஆழமாத்தாங்க்கா."

"ஜெபம் சொன்னியா?"

"சொன்னேன்."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கிட்டக் கேட்டிருந்தா நானும் பொதைக்கத்தான் சொல்லியிருப்பேன்."

எனக்கு உயிர் வந்தது. வண்டியை எடுக்கச் சாவியில் கை வைத்தேன்.

"ஆனா எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லடா" என்றாள். "என் ஒடம்புதான அது."