யார் முதலில் உள்ளே போவது

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் ஒரு ஐந்தாவது மாடி. இரண்டு நாள் தங்க எனக்கு அறை தரும் யாழ்ப்பாணத்துக்காரர் கதவைத் திறந்துவிட்டு, நான் உள்ளே போகட்டும் என்று விலகி நிற்கிறார். நானும் நிற்கிறேன்.

"என்ன தங்கச்சி, போங்கோவன்."

"நீங்க முதல்ல போங்க, அண்ணா. ஆறு மாசம் தென்னாப்பிரிக்காவுல ஒரு ஜூலு குடும்பத்தோட தங்கி, காட்டு மிருகங்களப் பத்திப் படிச்சேன். அங்க ஆம்பளைதான் முதல்ல நுழையணும். உள்ள பாம்போ மிருகமோ இருந்தா அவர் பார்த்துக்குவார்."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போகிறார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிறார். அலமாரியையும் விடவில்லை.

"சிங்கம் ஒண்டும் இல்லை, வாங்கோ. கீழ்வீட்டு மதாம் மட்டும்தான். சப்பாத்துச் சத்தம் கேட்டால் சண்டைக்கு ஏறி வந்திடுவா."

ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறேன். அங்கே காட்டில் காண்டாமிருகத்தின் அருகே காலடிச் சத்தம் கேட்காமல் நடந்தது மாதிரியே, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போகிறேன்.