அம்மாவின் லீவுக் கடிதங்கள்

என் அம்மா முப்பத்தாறு வருடம் கல்முனையில் படிப்பித்தார். படிக்க வந்தவர்கள் முஸ்லிம் வீட்டுப் பெண் பிள்ளைகள். படிப்பித்தவர் ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். இதனால் இரண்டு பக்கத்துக்கும் ஒரு சங்கடமும் வந்ததாக நான் அறியேன். நோன்பு காலத்தில் அங்கிருந்து கஞ்சி வரும், நத்தாருக்கு இங்கிருந்து கேக் போகும். சங்கடப்பட்டதெல்லாம் வீட்டுக்குள் இருந்த நான்தான்.

அம்மாவின் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் லீவுக் கடிதம் வேண்டும். காரணம் உண்மையாக இருக்க வேண்டும். அடியில் ஒரு கோடு போட்டு, அதன் மேல் பெற்றோர் கையெழுத்து வைத்திருக்க வேண்டும். வயிற்றுவலி என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டு இடைவேளையில் மாங்காய் தின்கிற பிள்ளையை அம்மா இலேசில் விடமாட்டார். ஒருத்தி மட்டும், “உம்மாவோடு கோவம். அதனால் வரவில்லை” என்று எழுதி, அந்த உம்மாவிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்தாளாம். அம்மா அதை ஏற்றுக்கொண்டார். “காரணமும் உண்மை, கையெழுத்தும் உண்மை. வேற என்ன வேணும்?” என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கடிதமே இல்லாமல் நீண்ட நாள் வராத பிள்ளையின் பெயரை மட்டும் வரவு இடாப்பில் சிவப்பு மையால் வெட்டுவார்கள். அதைச் செய்த நாட்களில் அம்மா சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

இந்தச் சட்டத்தை அவர் தேவாலயத்துக்கும் கொண்டுபோனார். ஒரு ஞாயிறு போக முடியாவிட்டால் போதகருக்கு லீவுக் கடிதம் எழுதுவார். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவரோடு ஒரே வாங்கில் உட்காரும் சிநேகிதி. தாதியாக வேலை பார்த்தவர், கல்யாணம் கட்டாதவர், எனக்கு அன்ரி. அறிவித்தல் நேரத்தில் போதகர் அந்தக் கடிதத்தைச் சபைக்கு வாசிப்பார். ஆட்கள் சிரிப்பார்கள். பிறகு எல்லாரும் தலை குனிந்து அம்மாவுக்காக ஜெபிப்பார்கள். அம்மா எதிர்பார்த்தது அந்த ஜெபத்தைத்தான்.

ஆனால் அவர் கடிதம் எழுதிய ஞாயிறுகள் மிகக் குறைவு. எனக்கு எட்டு வயதில் சின்னமுத்து நோய் போட்டபோது எழுதவில்லை. என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கிழமை நாட்களில் பள்ளிக்கும் ஞாயிறு ஓய்வுநாள் பாடசாலைக்கும் போனார். “எனக்காக ஒரு லீவு எடுக்க ஏலாதா அம்மா?” என்று கேட்டேன். “வருத்தம் உனக்கு. லீவு எனக்கு எதுக்கு?” என்றார். பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்று வரைக்கும் வரவில்லை. அவருடைய பிரியாவிடை விழாவில், டீச்சர் லீவே எடுத்ததில்லை என்று ஒருவர் பேச, மண்டபம் முழுவதும் கை தட்டியது. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அந்தக் கைதட்டலின் செலவு யார் தலையில் விழுந்தது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அப்பா காலமான பிறகும் அம்மா தனியாகத்தான் கல்முனையில் இருந்தார். எண்பத்தொரு வயதில் கிணற்றடியில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. நான் திருக்கோவிலில் இருந்தேன். கணவர் அந்த ஊர்க்காரர், சைவர். நல்ல மனிதர். அம்மாவை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முதல் மாதம் சபையிலிருந்து சிலர் முந்திரிகைப் பழத்தோடு வந்து பார்த்தார்கள். பிறகு போதகர் மாறினார், புதியவருக்கு அம்மாவைத் தெரியாது. வருவது நின்றுவிட்டது.

அம்மா கடிதம் எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு வியாழனும் எழுதி, உறையில் இட்டு, அன்ரியின் விலாசம் எழுதி, முத்திரையும் ஒட்டி, நான் வேலைக்குப் போகும்போது கையில் தருவார். “ஞாயிறுக்கு முதல் கிடைக்கோணும்” என்பார். என் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே தபால் பெட்டி இருந்தது. கையை நீட்டினால் போதும்.

முதல் கடிதத்தை மறந்துதான் போனேன். திங்கட்கிழமை கைப்பையில் கண்டேன். போன ஞாயிறுக்கு இனி லீவுக் கடிதமா என்று தைக்கிற மெஷினின் இலாச்சிக்குள் போட்டேன். அடுத்த வியாழன் மறக்கவில்லை. பெட்டியைக் கண்டேன், தாண்டிப் போனேன். படுத்த படுக்கையில் கிடந்தும் சேர்ச்சுக்கு எழுதுகிறாரே, எனக்கு ஒரு வரி எழுதினாரா என்று மனம் எரிந்தது. அந்த எரிச்சல் எனக்குப் பழகியது, அதில் ஒரு சுகமும் இருந்தது. அந்தக் கடிதமும் இலாச்சிக்குள் போனது. அதற்குப் பிறகு யோசிக்கவே இல்லை.

“போட்டிட்டியா?” என்று பின்னேரம் கேட்பார்.

“ஓம்” என்பேன்.

ஞாயிறு காலையில் தலைமுடியைச் சீப்பால் இழுத்து, வெள்ளைச் சேலையைக் கட்டிவிடச் சொல்வார். கட்டிலில் சாய்ந்திருந்து மணிக்கூட்டைப் பார்ப்பார். ஒன்பது மணி ஆக, “இப்ப போதகர் ஐயா வாசிப்பார், என்ன?” என்று என்னிடம் கேட்டுவிட்டு, தலையைக் குனிந்து கண்ணை மூடுவார். கல்முனையில் தனக்காக ஜெபிக்கிறார்கள் என்று அந்த ஜெபத்தை வாங்கிக்கொண்டு இருப்பார். அங்கே ஒருவரும் ஜெபிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் வாசலில் நின்று பார்த்துவிட்டு, சோறு வடிக்கப் போய்விடுவேன். இப்படிப் பத்து மாதம்.

அன்ரி இரண்டு தரம் தொலைபேசி எடுத்தார். அம்மா நித்திரை என்றேன். முதல் தரம் அது உண்மை.

ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கலாம். மூன்றாம் மாதமே டாக்டர் எழும்பி உட்காரலாம் என்று சொல்லிவிட்டார். கணவரும் கேட்டார். ரோட்டு சரியில்லை, வெயில், எனக்கு வேலை என்று ஏதோ சொன்னேன். ஒரு நாள் அம்மாவே, “என்ட பேர வெட்டியிருக்க மாட்டாங்க, என்ன? கடிதம் போகுதுதானே” என்றார். “யாரம்மா உங்கட பேர வெட்டுற?” என்று எரிந்து விழுந்தேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

மழைக் காலத்தில் அம்மா போனார். கல்முனைக்குக் கொண்டுபோய் தேவாலயத்தில் வைத்தோம். வயதான பழைய மாணவிகள் கறுப்பு அபாயாவில் வந்து, உள்ளே வரலாமா என்று கேட்டுக் கேட்டு வந்தார்கள். அன்ரி கடைசியாக வந்தார். கண் சரியாகத் தெரியாததால் பெட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டு வந்து அம்மாவின் முகத்துக்குக் கிட்டக் குனிந்தார்.

“என்னில என்ன கோவம் புள்ள உனக்கு? பத்து மாசமா ஒரு துண்டுக் கடிதம் இல்ல. சேர்ச்ச விட்டிட்டாய், மருமகனோட கோயிலுக்குப் போறாய் எண்டு ஆக்கள் சொன்னாங்க. நான் நம்பல்ல.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “பிறகு நம்பிட்டன்.”

நான் தலைமாட்டில் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் கடிதங்களை எல்லாம் ஒரு பையில் போட்டு அன்ரி வீட்டுக்குக் கொண்டுபோனேன். நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. “எனக்குக் கண் தெரியாது. வாசி புள்ள” என்றார்.

உறைகளைக் கிழித்துக் கிழித்து வாசித்தேன். கனம் ஐயா, சுகயீனம் காரணமாக இந்த ஞாயிறு ஆராதனைக்குச் சமூகமளிக்க முடியாதுள்ளேன் என்பதைத் தயவுடன் அறியத்தருகிறேன். திகதி மட்டும்தான் வேறு. ஒவ்வொன்றுக்கும் அன்ரி “ம்” என்றார். பத்துப் பன்னிரண்டு வாசித்ததும், “எல்லாம் ஒண்டுதான் அன்ரி” என்றேன்.

“மத்தத வாசி.”

வாசித்தேன். போகப் போக எழுத்துக் கோட்டை விட்டு இறங்கியது. கடைசி இரண்டில் “கனம் ஐயா” என்பதும் கையெழுத்தும் மட்டும் இருந்தன. அவற்றுக்கும் அன்ரி “ம்” என்றார். என்னைப் பற்றி ஒரு சொல்லாவது இருக்குமா என்று கடைசி உறை வரைக்கும் தேடினேன். இருக்கவில்லை.

கடிதங்களை வாங்கி மடியில் அடுக்கிக்கொண்டு அன்ரி கேட்டார்: “சரி. உன்ட கடிதம் எங்க?”

பையில் இன்னும் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

“இதெல்லாம் அவ வராததுக்கு. நீ குடுக்காததுக்கு ஒரு கடிதம் வேணுமே. எழுதித் தா. அவட கடிதம் எல்லாம் கொண்டுபோனது நான்தானே, இதையும் அவவிட்ட கொண்டுபோறன். எனக்கும் எண்பத்தஞ்சாகுது, கனகாலம் இல்ல.”

அவர் பகிடி விடவில்லை. மேசையிலிருந்த கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தேன். மறதி என்று எழுதலாமா, வேலை என்று எழுதலாமா என்று பார்த்தேன். அம்மாவிடம் அது எடுபடாது. “அம்மாவோடு கோவம். அதனால் கொடுக்கவில்லை” என்று எழுதினேன். எழுதி முடிந்ததும் கை தானாக அடியில் ஒரு கோடு போட்டது. பெற்றோர் கையெழுத்துக்கு.

அன்ரி தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். நாலாக மடித்துப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தார். கோட்டின் மேல் ஒன்றும் இல்லை.