மேனேஜர் ஓட்டிப் பார்த்த என் கார்

இன்று தொப்பூர் கணவாய் இறக்கத்தில் என் பழைய காருக்குப் பிரேக் பிடிக்கவில்லை. பாறையில் உரசித்தான் நிறுத்தினேன். பிரேக் கோளாறு என்று கம்பெனியே திரும்ப அழைத்த மாடல் அது.

முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன்.

மேனேஜர் ஒரு வருடமாகச் சொல்வதையே சொன்னார். "பார்ட் வந்ததும் கூப்பிடறோங்கய்யா. அதுவரைக்கும் மெதுவா ஓட்டுங்க."

"நீங்களே ஓட்டிப் பாருங்க தம்பி" என்று சாவியை அவர் கையில் திணித்தேன்.

சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். வாசலில் ஒரு புதுக்கார், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தோடு பூசைக்கு நின்றது. சுற்றி நின்றவர்கள் அலறி ஓட, என் கார் அதை இடித்துத் தள்ளிக்கொண்டு கண்ணாடிச் சுவரை உடைத்து உள்ளே போனது.

நெற்றியில் ரத்தம் வழிய இறங்கியவர், "யோவ் பெருசு, பிரேக்கே இல்லய்யா!" என்று கத்தினார்.

"பார்ட் வந்ததும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது என்மேல் புகார் கொடுப்பார்களாம். எலுமிச்சம்பழத்தை நசுக்கியது நானா, அவரா? நீங்களே சொல்லுங்கள்.