கடைசி இடத்துப் பள்ளி

போன வருடம் ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, சாந்த்ராகாச்சியில் ரயில் ஏறும்போதே தமயந்தி மேலதிகாரியிடம் போனில் கத்திக்கொண்டிருந்தாள். "நூறு சதவீதமாம்! எத்தனை பேர்ல நூறுன்னு கேட்டியா ஜெய்ராம்?"

"தீதி, நீங்க முதல்ல ஏறுங்க. ட்ரெயின் போயிடும்." வங்காள வழக்கப்படி அவள் அவனுக்கு அக்கா, அதாவது 'தீதி'.

டாக்குரியாவில் குடியிருக்கும் தமயந்திக்கு ஐம்பத்திரண்டு வயது. நியூ டவுனில் ஒரு கல்வி ஆய்வு நிறுவனத்தில், பள்ளிகளின் தேர்ச்சிக் கணக்கைச் சரிபார்ப்பது வேலை. யார் சதவீதம் சொன்னாலும் பல்லைக் கடிப்பாள். பால் பாக்கெட்டில் மூன்று சதவீதம் கொழுப்பு என்று போட்டிருந்தால்கூட "எதுல மூணு?" என்பாள். கணவர் சண்முகம் பதில் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்.

அன்று அவள் போனது மொத்தமே முப்பத்தொரு உயர்நிலைப் பள்ளிகள் உள்ள ஒரு சின்ன மாவட்டத்துக்கு. டவுன் பள்ளி நூறு சதவீதத் தேர்ச்சியோடு முதலிடம். ஆற்றங்கரைப் பள்ளி கடைசி. பத்தாவதில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. இரண்டு வருடத்தில் மேலே வராவிட்டால் அதை மூடி, பிள்ளைகளை ஒன்பது கிலோமீட்டர் தள்ளி அனுப்பிவிடுவார்கள்.

அங்கே தலைமையாசிரியர் அநிமேஷ் மாஸ்டர் சேர்க்கைப் பதிவேட்டை விரித்தார். தோற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் டவுன் பள்ளி எட்டாவதோடு டிசி கொடுத்துத் துரத்தியவர்கள். "வாசல்ல வந்து நிக்குற பிள்ளையைப் போன்னு எப்படிச் சொல்றது, தீதி?" என்று வங்காள மொழியில் கேட்டார்.

அந்தப் பிள்ளைகளை எட்டாவது படித்த பள்ளியின் கணக்கிலேயே போட்டுப் பார்த்தாள் தமயந்தி. டவுன் பள்ளி பதினொன்றாம் இடத்துக்கு இறங்கியது. ஆற்றங்கரைப் பள்ளி ஒன்பதுக்கு ஏறியது.

அவளைவிட இருபது வயது இளையவனான ஜெய்ராம், ஆபீசில் அந்தக் கணக்கைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். "பரீட்சை எழுதின ஸ்கூலுக்குத்தான் மார்க். ஃபார்மேட் அப்படி. நான் என்ன பண்ண?"

"கழிச்சுக் கட்டினவன் ஃபர்ஸ்ட்டு, சேர்த்துக்கிட்டவன் லாஸ்ட்டு. நல்லா இருக்குப்பா உன் ஃபார்மேட்டு!"

அவள் கணக்கு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், எறும்பளவு எழுத்தில், அடிக்குறிப்பாகப் போனது. ஒரு வாரம் ஜெய்ராமோடு டீ குடிக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து, அங்கே பள்ளிச் சேர்க்கை நடக்கும் ஜனவரியில், பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தவளுக்கு அநிமேஷ் மாஸ்டரிடமிருந்து செய்தி வந்தது. "இந்த வருடம் டவுன் பள்ளி அனுப்பிய பத்தொன்பது பேரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இனி எங்கள் பள்ளி பிழைத்துவிடும், தீதி."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சாலையோரத்தில் நின்று பதில் தட்டினாள்: "பத்தொன்பது பேரின் பெயரும் வீட்டு முகவரியும் அனுப்புங்கள்."