முதல் நோன்பும் ஒரு துண்டு கிவியும்

போன வருடம் ரம்ஜான் மாதத்தில், காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. இதை எழுத உட்கார்ந்திருக்கும் இப்போதும், உள்ளே மகள் லேசாக இருமினால்கூட பேனாவை வைத்துவிட்டு எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

அவளுக்கு அப்போது பதினோரு வயது. அதற்கு முன் அரை நாள், முக்கால் நாள் என்று விளையாட்டாக நோன்பு வைத்திருக்கிறாள். விடியலுக்கு முன் ஆரம்பித்துப் பொழுது சாயும்வரை முழுசாக வைத்தது அன்றுதான். எங்கள் வீடுகளில் பிள்ளைகளின் முதல் நோன்பு என்றால் ஒரு சின்னக் கல்யாணம் மாதிரி. புதுத்துணி, தலை நிறையப் பூ, சொந்தக்காரர்கள், தட்டுத் தட்டாகப் பலகாரமும் பழமும். சென்னையிலிருந்து என் நாத்தனார் காலையிலேயே வந்துவிட்டார். வரும்போதே பழங்களை வாங்கி வந்து, தர்பூசணியைப் பூ மாதிரி வெட்டி, கிர்ணிப் பழம், ஆப்பிள், நடுவில் பச்சைப் பச்சையாகக் கிவி என்று ஒரு பெரிய தட்டை அழகாக அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்தார். என் மகள் நாள் முழுக்க அந்த ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்தாள். "குப்பி, அந்தப் பச்சைப் பழம் ஃபுல்லா எனக்குத்தான்" என்று தன் அத்தையிடம் சொல்லி வைத்திருந்தாள்.

நான் இயல்பிலேயே பயந்த சுபாவம். பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுட்டால் காய்ச்சல் மாத்திரை, வயிறு வலித்தால் ஸ்கேன் என்று மனம் ஓடும். குடும்பத்தில் எல்லோருக்கும் இது ஒரு வேடிக்கை. "அண்ணிக்குத் தும்மல் சத்தம் கேட்டாப் போதும், ஆம்புலன்ஸ் வந்துடும்" என்பது நாத்தனாரின் நிரந்தரக் கிண்டல். என் கணவர் அன்று காலையில் கடைக்குக் கிளம்பும்போது, "இன்னைக்கு ஒரு நாளாவது அவளை நிம்மதியா விடும்மா. மயக்கம் வருதா, தலை சுத்துதான்னு கேட்டுக்கினே இருக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார். சரி, இன்று வாயைத் திறக்கக் கூடாது என்று நானும் முடிவு செய்திருந்தேன்.

வாயை அடக்கி வைத்த கோபத்தையெல்லாம் மதியம் ஒரு வேன் டிரைவரிடம் காட்டினேன். எங்கள் வீடு பட்டுக்கடைகள் இருக்கும் சாலைக்குப் பின்தெருவில். கல்யாணப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களின் வேன்கள் சாலையில் இடம் கிடைக்காமல் எங்கள் தெருவுக்குள் வந்து நிற்கும். அன்று ஒரு வேன் எங்கள் கேட்டை மறித்தே நின்றது. விருந்தாளிகள் வருகிற நேரம். "உங்களுக்கெல்லாம் வேற தெருவே கிடைக்கலையா?" என்று சத்தம் போட்டேன். அந்த மனிதர் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்.

சாயங்காலம் ஆண்கள் எல்லோரும் நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் பெண்கள் மட்டும். பிள்ளைகள் ஊதிக் கட்டிய பலூன்களுக்குக் கீழே, மகளை நடுவில் உட்கார வைத்தோம். பாங்கு சத்தம் கேட்டது. அவள் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தாள், தண்ணீர் குடித்தாள். அடுத்து நேராகக் கிவிக்குத்தான் கை போனது. ஒரு துண்டு, இன்னொரு துண்டு. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். எல்லோரும் சிரித்தோம்.

கொஞ்ச நேரத்தில் நாக்கை மேல்வாயில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். "அம்மா, தொண்டையில முடி மாட்டிக்கின மாதிரி இருக்குது" என்றாள்.

இங்கேதான் நாங்கள் எல்லோரும் தவறினோம். வேறு ஒரு நாளாக இருந்திருந்தால், என்ன சாப்பிட்டாய் என்று யாராவது கேட்டிருப்போம். அன்று அவள் நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காத பிள்ளை. தொண்டையில் எது நடந்தாலும் அது நோன்பின் வறட்சியாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கூடத்தில் இருந்த ஒவ்வொருத்தியும் தன் முதல் நோன்பில் தொண்டை எப்படி ஒட்டிக்கொண்டது என்று கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "பழம் ஈரமா இருக்கும், இன்னும் ரெண்டு துண்டு சாப்பிடு கண்ணு, சரியாயிடும்" என்று நாத்தனார் கிவியை எடுத்து ஊட்டினார். ஒருத்தி நோன்புக் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள்.

நான் எழுந்து அவள் நெற்றியில் கை வைத்தேன். "ஆரம்பிச்சிட்டாங்கப்பா எங்க அண்ணி" என்று நாத்தனார் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

பிறகு மக்ரிப் தொழுகைக்காக எல்லோரும் வரிசையாக நின்றோம். அவள் எனக்குப் பக்கத்தில். பாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், திரும்பிப் பார்க்க முடியாது. ஆனால் காது அவளிடம் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தாள். பிறகு செருமுவது நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்போது அவள் மூச்சோடு சேர்ந்து ஒரு விசில் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் காற்று நுழைவது மாதிரி மெல்லியதாக. உள்ளே இழுக்கும்போது ஒன்று, வெளியே விடும்போது ஒன்று.

தொழுகையை நடுவில் முறித்தால் என்ன சொல்வார்கள் என்று நான் யோசித்தது உண்மை. அந்த நேரத்தில்கூட, திரும்பவும் சிரிப்பார்களே என்று ஒரு மனம் சொன்னது. பிள்ளை உயிருக்கு ஆபத்து என்றால் தொழுகையை விட்டுவிடலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆபத்துதானா என்பதுதான் தெரியவில்லை. அப்போது அவள் "அம்மா" என்று கூப்பிட்டாள். அது என் மகளுடைய குரல் இல்லை. வாய் நிறையச் சுடுசோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற யாரோ ஒரு பிள்ளையின் குரல்.

திரும்பினேன். உதடும் கண்ணிமையும் வீங்கியிருந்தன. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. நான் அவளைத் தூக்கவும், அடுத்து நின்ற நாத்தனாரும் தொழுகையை விட்டுவிட்டு ஓடி வந்தார். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். கணவருடைய போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பள்ளிவாசலில் தொழுகை நேரம். தெருமுனை ஆட்டோக்காரர்களும் அங்கேதான் இருப்பார்கள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிரே மதியம் நான் சண்டை போட்ட அதே வேன். புடவை எடுத்து முடித்துக் குடும்பமே ஏறி உட்கார்ந்திருந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. உள்ளே இருந்த ஒரு அம்மா கதவைத் திறந்து, "ஏறும்மா. தம்பி, நீ எடுப்பா, அவங்க வழி சொல்லுவாங்க" என்றார். நானும் நாத்தனாரும் ஏறினோம்.

மகளைப் படுக்க வைக்கப் போனேன். அவள் தலையை ஆட்டி மறுத்து நிமிர்ந்தே உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். அவள்தான் கல்யாணப் பெண் என்று பேச்சில் தெரிந்தது. மடியில் கடைப் பையோடு உட்கார்ந்திருந்தவள், என் மகளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "மூச்ச விடு பாப்பா, மெதுவா, என்னப் பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் "யா அல்லாஹ்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை, வழி சொன்னதுகூடத் தான்தான் என்று பிறகு நாத்தனார் சொன்னார்.

வழியில் மகள் வாந்தி எடுத்தாள். கஞ்சியும் பழமுமாக எல்லாம் அந்தப் பையின் மேல். பைக்குள் முகூர்த்தப் புடவை. பின் சீட்டில் இருந்த ஒரு பெரியவள் "ஐயோ, முகூர்த்தப் புடவைடி" என்றாள். எங்கள் ஊரில் வளர்ந்த எனக்கு அந்தப் பை என்ன என்று தெரியாமல் இருக்குமா? எத்தனை பேர் உட்கார்ந்து, எத்தனை புடவை பிரித்துப் பார்த்து, நல்ல நேரம் பார்த்து எடுத்தது. நான் துப்பட்டாவால் துடைக்கப் போனேன். அந்தப் பெண் பையை மடியிலிருந்து கீழே தள்ளிவிட்டு, "புடவை கெடக்குது. நீங்க புள்ளைய பாருங்கக்கா" என்றாள்.

பக்கத்தில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனை வாசலில் இறங்கினோம். நான் திரும்பி டிரைவரைப் பார்த்தேன். "போங்கம்மா, போங்க. வண்டிய நான் எங்கயாவது ஓரமா போட்டுக்கறேன்" என்றார்.

உள்ளே இருந்த டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் தொடையில் ஓர் ஊசி போட்டார். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். நான் அந்த விசில் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன். அது நின்றுவிட வேண்டும் என்று துடித்தேன். மூச்சே நின்று சத்தமும் நின்றுவிடுமோ என்று நடுங்கினேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் தேய்ந்து, அவள் நெஞ்சு சாதாரணமாக ஏறி இறங்கியபோது தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் நிறையக் கேட்டார். கிவி இதற்கு முன் சாப்பிட்டிருக்கிறாளா? ஆமாம், ஒரு கல்யாண விருந்தில். நாக்கு குத்துகிறது என்றாள். அன்னாசிப் பழத்துக்குக் குத்துவது மாதிரிதான் என்று விட்டுவிட்டோம். பலூன் ஊதினால் உதடு வீங்குமா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்தநாளில் ஒரு முறை வீங்கியிருக்கிறது. சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். ரப்பர் ஒத்துக்கொள்ளாத சிலருக்குக் கிவி, வாழை, பப்பாளி மாதிரிப் பழங்களும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்றும், பரிசோதனை செய்யும்வரை இவை எதுவும் வேண்டாம் என்றும் சொன்னார். சரியான மாதிரித் தெரிந்தாலும் மறுபடி வரலாம் என்று அன்று இரவு அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

செய்தி கேட்டு ஓடி வந்த என் கணவர், பலூன் விஷயம் தெரிந்ததும் உடனே வீட்டுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். நாத்தனார் வராந்தா பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பேரீச்சம்பழம் ஒன்றைத் தவிர அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. "நான்தானே அண்ணி ஊட்டினேன்" என்றார். "நானும் பக்கத்துலயேதான இருந்தேன்" என்றேன். ஒரே டம்ளர் டீயை இரண்டு பேரும் குடித்தோம்.

வெளியே போய்ப் பார்த்தபோது வேன் இல்லை. பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்று, மூச்சு விடுகிறாள் என்று நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கிளம்பினார்களாம். திருவண்ணாமலைப் பக்கம் என்பதும், வைகாசியில் கல்யாணம் என்பதும் வேனில் காதில் விழுந்தவை. பெயர்கூடக் கேட்கவில்லை. அந்த வைகாசி முழுக்க, பட்டுச்சேலை கட்டிய எந்த மணப்பெண்ணைப் பார்த்தாலும் முகத்தை உற்றுப் பார்த்தேன். கறை போயிருக்க வேண்டும், அவள் அந்தப் புடவையையே கட்டியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டேன்.

இந்த வருடமும் மகள் நோன்பு வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசை, சொல்லவில்லை. பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி. பழத்தட்டு எங்கள் வீட்டில் இப்போது இல்லை. சொந்தக்காரர் வீடுகளில் அவள் உட்காருவதற்கு முன்பே, "இதுல என்னென்ன பழம் போட்டிருக்கீங்க?" என்று அடுப்படிவரை போய் விசாரிப்பது நான் இல்லை, என் நாத்தனார். என்னை இப்போது யாரும் கிண்டல் செய்வதில்லை. உண்மையில் அந்தக் கிண்டல் திரும்ப வந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அவள் "அம்மா" என்று கூப்பிடுகிறாள். எதற்குக் கூப்பிடுகிறாள் என்பது எனக்கு இரண்டாவதாகத்தான் கேட்கிறது, முதலில் அது அவளுடைய குரல்தானா என்று கேட்டுக்கொள்கிறேன்.