தேக்குப் பலகை மாடி

முட்டத்தின் மணல் தரையில் வளர்ந்த எனக்கு, வடசேரியில் வாடகைக்கு இருந்த அந்த மாடியைக் கண்டதும் மனம் துள்ளியது. தரை முழுவதும் தேக்குப் பலகை. வாடகையும் என் கைக்கு எட்டியது. ஆனால் எனக்குப் பிள்ளைகள் ஐந்து. அதைச் சொன்னதும் இரண்டு வீடுகள் கைநழுவியிருந்தன. இங்கே அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

கீழே குடியிருந்த வீட்டுக்காரர் தனியாள். குட்டையான உருவம், காதில் கற்றையாக நரைமயிர். எங்கே நின்றாலும் விரல் முட்டியால் கதவையோ தூணையோ தட்டிக்கொண்டே இருப்பார்.

“மேல போயி நடந்து காட்டும் வேய். நான் கீழ நின்னு கேக்கேன்,” என்றார்.

நுனிக்காலில் நடந்தேன்.

“வேய், மேல இருக்கீரா, இல்ல பறந்துட்டீரா?”

“சத்தம் உங்களுக்கு இடைஞ்சலா இருக்கும்லா?”

“சத்தத்துக்குத்தான வேய் ஆளு வைக்கேன்! நல்லா மிதியும்!”

கூச்சத்தை விட்டு மிதித்தேன். பலகை செண்டை மேளம்போல முழங்கியது. அந்தத் துணிவில், “பிள்ளைய அஞ்சு உண்டு!” என்று கத்திவிட்டேன்.

“அஞ்சா? நாளைக்கே கூட்டிட்டு வாரும்!”

மறுநாள் ஐந்தும் மேலே ஓடியபோது, மழையைக் கேட்பவர்போல அவர் முகத்தை உயர்த்தி நின்றார். அதில் அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்க எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.