என் குரலில் பேசுவது நானல்ல

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய சேற்று நிலத்தை மேடாக்கி லோரி டிப்போ போட்டவன் நான். பிரிக்பீல்ட்ஸில் ஏர்கான் வைத்த ஆபீஸ், மாடி வீடு, பிள்ளைகளுக்குப் பட்டம். எல்லாம் ஆறாம் வகுப்பைத் தாண்டாத நான் கட்டியவை. உனக்கெதற்கு லோரி என்று சிரித்தவர்களின் பிள்ளைகள் பிறகு என்னிடமே வேலை கேட்டு வந்தார்கள். எதை வைத்துக் கட்டினேன்? தொண்டையை வைத்து. துறைமுகத்தில் நான் ஒரு சத்தம் போட்டால் கிரேன்காரன் திரும்பிப் பார்ப்பான்.

அந்தத் தொண்டையைத்தான் புற்றுநோய் என்று வெட்டி எடுத்தார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் மகன் என் முன்னால் போனை வைத்தான். "எதையாவது பேசுங்கப்பா. டிரைவர ஏசுங்க, பழைய கதை சொல்லுங்க, சிரிங்க." ஞாபகத்துக்கு என்று நினைத்தேன். நன்றாகவே ஏசினேன். அவன் அந்தப் பதிவைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கிவிட்டான். இப்போது டிப்போவுக்கு யார் அழைத்தாலும் கம்ப்யூட்டர்தான் என் குரலில் பதில் சொல்கிறது. "என்னா தம்பி, சாப்டாச்சா?" என்றுகூடக் கேட்கிறது. நானோ டார்ச் லைட் போன்ற ஒரு கருவியைக் கழுத்தில் அழுத்தித்தான் பேச வேண்டும். தகரத்தைச் சுரண்டுவதுபோல் வரும்.

தீபாவளி விருந்துக்கு எங்கள் ஆட்களை வாட்ஸ்அப் அட்டையில் அழைத்தால் வரமாட்டார்கள். வீட்டுத் தலைவன் தன் வாயால் கூப்பிட வேண்டும். இந்த ஆண்டும் நானே கூப்பிடுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். முதல் அழைப்பு காஜாங்கில் இருக்கும் நண்பனுக்கு. என் முதல் லோரியில் என்னோடு மூட்டை தூக்கியவன்.

"நான்தான்டா பேசறேன். தீபாவளிக்கு வீட்டுக்கு வா."

"யாருடா நீ? ரோபோவ விட்டு ஏமாத்தப் பாக்குறியா? இந்த ஸ்கேம் வேலையெல்லாம் வேற ஆள்கிட்ட வெச்சுக்க லா!"

வைத்துவிட்டான். மறுபடி அடித்தேன். போகவில்லை, தடுத்துவிட்டிருந்தான்.

மகன் டிப்போ எண்ணிலிருந்து கம்ப்யூட்டரைப் பேசவிட்டான். கூடத்தில் என் குரல் முழங்கியது. "டேய் எருமை, தீபாவளிக்கு வர்றியா, நான் வந்து தூக்கிட்டு வரவா?"

"அடப்பாவி! தொண்டையில என்னமோன்னாங்க, சிங்கமாட்டம் பேசறியே!"

முதல் லோரி கதை வரைக்கும் அது பேசியது. நான் சிரிக்கும் இடத்தில் சிரித்தது. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

தீபாவளியன்று நண்பன் வந்தான். வாசலில் கட்டிப்பிடித்தான். நான் கருவியைக் கழுத்தில் வைத்து, "வாடா" என்றதும் அவன் கைகள் நழுவின. அன்று போனில் யாரை ஏசினோம் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

"போன்ல நல்லாத்தானே பேசுன?" என்றான். அது கம்ப்யூட்டர் என்று மகன் விளக்கினான். அதன் பிறகு சாப்பிட்டு முடிக்கும்வரை என் பக்கம் திரும்பவில்லை. கிளம்பும்போது என் மகனிடம் மெதுவாகச் சொன்னான்: "அப்பாவ அப்பப்ப போன் பண்ணச் சொல்லுப்பா."

எல்லாம் தெரிந்தும் அவனுக்கு அதுதான் வேண்டும்.

அதை நிறுத்த என்னால் ஆகாது. டிப்போவே அதன் வாயில்தான் ஓடுகிறது. நான் போன பிறகும் பேசும். பேசட்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்ததும் முதலில் என் பேரைச் சொல்லி, இது அவர் குரல், நான் அவரல்ல என்று சொல்ல வேண்டும். துறைமுகத்து மழையில் கத்திக் கத்தி அந்தக் குரலை உண்டாக்கியவன் நான்.